ரெட்டைப் பிள்ளை என்றால் வயிறு தாங்காதா?

கேள்வி: 11 பிப்ரவரி 2024

எனக்கு 27 வாரம், ரெட்டை. நேற்றுதான் வளைகாப்பு. வந்த பெரியவர்கள் எல்லாரும் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரே பாட்டு: "ரெட்டைப் பிள்ளைக்கு வயிறு தாங்காது, எட்டிலேயே வலி வந்துடும்." மாமியாரும் அதையேதான் சொல்கிறார். கர்ப்பப்பை இழுபட்டு இழுபட்டு, இனி முடியாது என்று ஆனபிறகுதான் வலி எடுக்கிறதா? அப்படியென்றால் என் அக்கா பையன் நாலு கிலோ. தேதி தாண்டி ஆறு நாள் ஆகியும் வலி வராமல், ஜெல் வைத்துத்தான் வரவழைத்தார்கள். அவளுக்கு மட்டும் ஏன் இழுபடவில்லை? லேபர் வார்டில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11 பிப்ரவரி, இரவு

ஆஜர். அரசு ஆஸ்பத்திரி லேபர் வார்டில் 26 வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். இரண்டு வருஷமாக வீட்டில்.

மாமியார் சொன்னது பாதிக்கு மேல் சரி. ஒற்றைப் பிள்ளை சராசரியாக 39 வாரத்தை ஒட்டிப் பிறக்கும். ரெட்டை 35, மூன்று என்றால் 32, நான்கு என்றால் 30. தலை கூடக் கூட நாள் குறைகிறது. வயிற்றில் ஒரே பிள்ளைதான், ஆனால் பனிக்குட நீர் அளவுக்கு மீறி இருக்கிறது என்றால் அங்கேயும் முன்னதாக வலி வருவது அதிகம். இரண்டுக்கும் பொதுவானது இழுபட்ட கர்ப்பப்பை. முடிந்தது கதை.

எனக்கே நடந்ததுதான். 2003ல் இரண்டாவது பிள்ளை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்துவிட்டது, அதோடு தண்ணீரும் ஏறிவிட்டது. 33வது வாரத்தில் ட்யூட்டி அறையில் படுத்துக்கொண்டு தோழியை விட்டு டேப் வைத்து அளக்கச் சொன்னேன். 39 சென்டிமீட்டர். அந்தச் சமயத்தில் எத்தனை வாரமோ கிட்டத்தட்ட அத்தனை சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். தோல் தர்பூசணி மாதிரி மினுமினுக்கும். ஒரு பக்கம் விரலால் சுண்டினால் அலை போய் மறுபக்கம் வைத்திருக்கும் கையில் இடிக்கும். 34 முடிவதற்குள் வலி வந்துவிட்டது. பையன் 2.3 கிலோ. இப்போது இன்ஜினியரிங் படிக்கிறான், காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டான். அன்றைக்கு இருந்த அவசரம் அதோடு சரி.

12 பிப்ரவரி, காலை

"முடிந்தது கதை" என்று எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. அக்காவின் நாலு கிலோப் பையனுக்கு நான் பதிலே சொல்லவில்லை.

சமையலறைத் தராசுக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். அக்கா வயிற்றில் கடைசி வாரத்தில் இருந்தது: பிள்ளை 4 கிலோ, தண்ணீர் முக்கால் கிலோ, நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, அரை கிலோவுக்குச் சற்று மேல். ஐந்தே கால், ஐந்தரை என்று வைத்துக்கொள்ளலாம். ரெட்டைக்காரிக்கு 32 வாரத்தில் தலைக்கு ஒன்றே முக்கால் கிலோ. இரண்டும் சேர்த்து மூன்றரை. இரண்டு குடத்துத் தண்ணீர், நஞ்சு எல்லாம் சேர்த்தால் அதே ஐந்தரையை ஒட்டி வருகிறது.

இவ்வளவுதான் தாங்கும், அதற்கு மேல் வலி என்று கர்ப்பப்பையில் கோடு கிழித்திருந்தால் ரெட்டைகள் எல்லாம் 32லேயே பிறந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் 35, 36 வரை போகிறதே. அக்காவுக்கும் கோட்டைத் தொட்ட அன்றைக்கே வலி வந்திருக்க வேண்டும், தேதி தாண்டி ஆறு நாள் உட்கார்ந்திருக்க முடியாது. ஆக, கோடு ஒன்றும் இல்லை. நிறைந்தால் வழிகிற அண்டா இல்லை இது.

12 பிப்ரவரி, மாலை

கீழே ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வலி வராதவர்களுக்கு ஃபோலி ட்யூப் போட்டு பலூனில் தண்ணீர் ஏற்றுகிறார்களே, இழுத்தால் வலி வரும் என்பதற்கு அதுவே சாட்சி இல்லையா?"

ஆமாம். நல்ல சாட்சி. எத்தனை போட்டிருப்பேன்.

14 பிப்ரவரி

தம்பியிடம் "ஆமாம்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், அழித்துக்கொள்கிறேன். ஃபோலி பலூன் உட்காருவது கர்ப்பப்பை வாயின் உள்பக்கம். அது இழுப்பது வாயை, பையை இல்லை. இரண்டும் வேறு சரக்கு. வாய் என்பது பெரும்பாலும் நார், தசை கொஞ்சம்தான். மேலே உள்ள பை முழுக்கத் தசை. வாயை அகட்டினால் மூளைக்குச் செய்தி போய் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ஊறுகிறது, அது வந்து பையைப் பிசைகிறது. 1941ல் ஃபெர்குசன் என்பவர் முயல்களில் இதைக் காட்டினார், அவர் பெயரிலேயே அந்த அனிச்சைச் செயலைச் சொல்கிறோம். பலூன் தள்ளுகிற இடத்திலேயே புரோஸ்டாகிளாண்டின் சுரந்து வாயைப் பதமாக்குவதும் உண்டு.

ஆனால் இந்தத் தங்கச்சி கேட்டது வேறு. வாய் இறுக்கமாக மூடியிருக்கும்போதே, மேலே பை விரிவதால் மட்டும் வலி தொடங்குமா என்பதுதான் கேள்வி. ஃபோலி அதற்குச் சாட்சி சொல்லாது.

18 பிப்ரவரி

இயற்பியல் ஆசிரியர் ஒருவர் வந்து நீளமாக எழுதியிருக்கிறார். சாரம் இது: உள்ளே அழுத்தம் அதேதான், ஆனால் உருண்டை பெரிதாகப் பெரிதாகச் சுவரில் இழுவிசை ஏறும். சுவர் மெலிந்தால் இன்னும் ஏறும். லாப்லாஸ் விதி. "ஆகவே பலூன் போல ஒருநாள்..." என்று முடித்திருக்கிறார்.

சார், விதி சரி. பலூன்தான் இடிக்கிறது. பலூனில் இருக்கிற ரப்பர் ஊதுவதற்கு முன்னும் பின்னும் அதே அளவு ரப்பர்தான். கர்ப்பப்பை கர்ப்பத்துக்கு முன் 70 கிராம், ஒரு கொய்யாக்காய் அளவு. பிரசவத்தன்று பிள்ளையை எடுத்துவிட்டு வெறும் பையை நிறுத்தினால் ஒரு கிலோவுக்கு மேல். 10 மில்லி கொள்கிற இடம் 5 லிட்டர் கொள்கிறது. விரிவது மட்டும் இல்லை, வளர்கிறது. ஒவ்வொரு தசை நாரும் நீண்டு, தடித்து, நடுவில் புது நார்ப்பசை ஊறி, வீடு பெரிதாகிறது. ஊத ஊதத் தானே ரப்பர் சேர்த்துக்கொள்கிற பலூன் உங்கள் லேபில் இருந்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

இன்னொன்று. கரு குழாயில் தங்கிவிட்டவர்களுக்குப் பை காலி. இருந்தும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் பை பெரிதாகியிருக்கும், கை வைத்துப் பார்த்தால் தெரியும். யாரும் உள்ளிருந்து தள்ளவில்லை, ஹார்மோன் மட்டுமே செய்த வேலை. மூன்று மாதத்துக்கு அப்புறம்தான் உள்ளே இருப்பவர் தள்ளத் தள்ள, அந்த இழுப்பே "இன்னும் வளர்" என்று தசைக்குச் சொல்கிறது.

அதாவது இழுப்பு எட்டு மாதம் வரைக்கும் நண்பன். இது எனக்கு வேலையில் இருந்தவரை உறைக்கவே இல்லை.

18 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

கொய்யாக்காய் என்றதற்கு ஒருவர் "எங்கள் ஊர்க் கொய்யா கால் கிலோ" என்கிறார். சரிங்க, நாட்டுக் கொய்யா.

25 பிப்ரவரி

ஃபோலி தம்பி ஓர் எலி ஆராய்ச்சியைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார். டொரோண்டோவில் ஸ்டீஃபன் லை என்பவரும் கூட்டாளிகளும் 1997ல் வெளியிட்டது. இரண்டு முறை படித்தேன், பேத்தியைத் தூங்க வைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தேன். ரொம்ப கெட்டிக்கார வேலை.

எலியின் கர்ப்பப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கக் குழாயைக் கட்டிவிட்டால் மறு பக்கக் கொம்பில் மட்டும் குட்டிகள். ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன். ஒரு கொம்பு நிறைந்து இழுபடுகிறது, பக்கத்துக் கொம்பு காலி. குட்டி போடும் நாளில் இரண்டையும் எடுத்துப் பார்த்தார்கள். தேடியது கனெக்சின்-43 என்ற புரதம்.

அது என்ன என்று கேட்பீர்கள். தேர் வடத்தை ஆயிரம் பேர் பிடித்து நின்றாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். கர்ப்பப்பைத் தசை செல்கள் கர்ப்பம் முழுக்க ஆளுக்கொரு நேரத்தில் இழுக்கிற கூட்டம். அதுதான் அவ்வப்போது வந்து போகும் இறுக்கம். கனெக்சின்-43 செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் கதவு திறக்கிறது. மின்சைகை அந்தக் கதவு வழியாக ஓடி மொத்தப் பையும் ஒன்றாகச் சுருங்குகிறது. பிரசவம் நெருங்கும்போது இந்தக் கதவுகள் குவியும்.

குட்டி இருந்த கொம்பில் குவிந்திருந்தது, காலிக் கொம்பில் இல்லை. சரி, குட்டியிடமிருந்து ஏதோ ரசாயனம் கசிந்திருக்கலாமே? அதனால் காலிக் கொம்பில் 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி இழுத்துப் பார்த்தார்கள். கதவு வந்துவிட்டது. குட்டியும் இல்லை, நஞ்சும் இல்லை, வெறும் பிளாஸ்டிக்.

இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. அதே குழாயை 20வது நாளில் வைத்துப் பார்த்தார்கள், பிரசவத்துக்கு மூன்று நாள் முன்னால். ஒன்றும் நடக்கவில்லை. 23வது நாளில் நடந்தது. அந்த 23லும் புரொஜெஸ்டரோன், அதாவது கர்ப்பத்தைக் காத்து நிற்கிற ஹார்மோன், அதன் ஊசியைத் தொடர்ந்து போட்டு வைத்திருந்தால் நடக்கவில்லை. இழுப்பு அதேதான். புரொஜெஸ்டரோன் காவலுக்கு நிற்கிற வரை இழுப்பின் பேச்சு எடுபடவில்லை.

நேரே அக்காவின் நாலு கிலோவுக்கு வாருங்கள். பை வளர்ந்து இடம் கொடுத்திருக்கிறது, காவலும் கலையவில்லை. நாலு கிலோ என்ன, நாலரை என்றாலும் உட்காரும்.

25 பிப்ரவரி, இரவு

எலியில் புரொஜெஸ்டரோன் பிரசவத்துக்கு முன் ரத்தத்தில் மளமளவென்று இறங்கும். மனுஷிக்கு அப்படி இறங்காது, நஞ்சு வெளியே வரும்வரை ஓங்கியே இருக்கும். நமக்குக் காவல்காரன் வேலையை விட்டுப் போவதில்லை, இருந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறான். தசை செல் அந்த ஹார்மோனின் பேச்சைக் கேட்பதை நிறுத்துகிறது. எலிக் கணக்கை அப்படியே நம் வயிற்றில் ஒட்டக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மேலே ரொம்ப உற்சாகமாக எழுதிவிட்டேன்.

5 மார்ச்

நம்மிலும் அந்த எலிபோல உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு. பிறவியிலேயே இரண்டு கர்ப்பப்பை. 26 வருஷத்தில் நான் ஒருவரைப் பார்த்தேன், அதுவும் சிசேரியனில் வயிற்றைத் திறந்தபிறகு. டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

வங்கதேசத்தில் ஜெசூர் பக்கத்தில் 2019ல் ஒரு பெண், 20 வயது. பிப்ரவரி கடைசியில் குறைமாதத்தில் ஒரு பையன் சுகப்பிரசவம். வீட்டுக்குப் போய்விட்டார். 26 நாள் கழித்து வயிற்று வலி என்று வந்தால் இரண்டாவது கர்ப்பப்பையில் ரெட்டை! சிசேரியனில் எடுத்தார்கள், இரண்டும் நலம். பேப்பரில் எல்லாம் வந்தது.

பாருங்கள், ஒரே ரத்தம். ஒரு பையில் பிரசவமே ஆகி, பால் கொடுத்து, பால் கொடுக்கும்போது ஆக்ஸிடோசின் ஊறி, அத்தனையும் நடந்தும் பக்கத்துப் பை 26 நாள் அசையவில்லை. அதுவும் ரெட்டை இருந்த பைதான் அசையவில்லை! அதிகம் இழுபட்டது முதலில் கிளம்பும் என்றால் வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

5 மார்ச், மறுபடி

யோசித்தால் இது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. முடிவு அந்தந்தப் பைக்குள்ளேயே எடுக்கப்படுகிறது, உடம்பு முழுவதற்கும் ஒரே உத்தரவு இல்லை என்பதுவரை உறுதி. ஆனால் உள்ளே முடிவெடுப்பது இழுப்பா, நஞ்சா, பிள்ளையா என்று இந்தக் கதையால் சொல்ல முடியாது.

நஞ்சுக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் 1943ல் வான் வாகனன், நியூட்டன் என்ற இருவர் வெளியிட்டது. கர்ப்பமாக இருந்த ரீசஸ் குரங்குகளில் குட்டியை எடுத்துவிட்டு நஞ்சை மட்டும் உள்ளேயே விட்டார்கள். தள்ளுவதற்கு உள்ளே ஆள் இல்லை. இருந்தும் பல குரங்குகளில் நஞ்சு ஏறக்குறைய உரிய காலத்தில்தான் வெளியே வந்தது. இழுக்க யாரும் இல்லாவிட்டாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேறு ஏதோ இருக்கிறது.

ஆகவே முதல் நாள் எழுதிய "முடிந்தது கதை"யை வாபஸ் வாங்குகிறேன். கடிகாரம் வேறு எங்கோ இருக்கிறது. இழுப்பு அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடலாம்.

9 மார்ச்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பரணில் ஏறி 2003 ஃபைலை எடுத்தேன். பையனின் ஜாதக நோட்டோடு சேர்த்து ரிப்பனில் கட்டி வைத்திருந்தது, ஓரமெல்லாம் கரையான். ஸ்கேன் இருந்தது, தண்ணீர் அளவு 28, சாதாரணமாக 24, 25க்குக் கீழே இருக்க வேண்டியது. நான் இத்தனை வருஷமும் சொல்லி வந்த கதைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே மடித்து ஒரு சின்னச் சீட்டு. சிறுநீர்ப் பரிசோதனை, வலி வந்த அன்றைக்கு எடுத்தது. சீழ் செல்கள் "நிறைய" என்று போட்டிருக்கிறது.

அதாவது எனக்கு நீர்த்தாரைத் தொற்று இருந்திருக்கிறது. மாதம் முன்னால் வலி வருவதற்கு உலகம் முழுக்க முதல் சந்தேகம் தொற்றுமேல்தான். அந்தச் சீட்டை நான் அன்றைக்குப் பார்த்திருப்பேன், நர்ஸ் ஆயிற்றே. ஆனால் இருபது வருஷமாக "தண்ணி ஜாஸ்தி, பை தாங்கல" என்றே எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பார்த்தால் தெரிகிற காரணம், தர்பூசணி வயிறு. சீழ் செல் கண்ணுக்குத் தெரியாதே.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வலி தொடங்கிய ராத்திரி நானே அதைச் சூட்டு வலி என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். நாலு மணி நேரம். லேபர் வார்டு நர்ஸ்!

10 மார்ச்

நேற்றைய குறிப்புக்கு ஃபோலி தம்பி பதில் போட்டது: "அக்கா, இரண்டுமே உண்மையாக இருக்கலாம்." சியாட்டிலில் கிறிஸ்டினா ஆடம்ஸ் வால்டார்ஃப் குழு 2015ல் வெளியிட்டதைக் காட்டினார். கர்ப்பமான குரங்குகளின் பனிக்குடத்துக்குள் பலூன் வைத்து மெல்ல ஊதினார்கள். கிருமி ஒன்றும் கிடையாது. இருந்தும் குறைப்பிரசவ வலி வந்தது, பனிக்குட நீரிலும் தாயின் ரத்தத்திலும் அழற்சிப் பொருட்கள் ஏறியிருந்தன. தொற்று வந்தால் என்னென்ன ஏறுமோ அதே வகை.

இழுப்பும் தொற்றும் வேறு வேறு வாசலால் நுழைந்தாலும் ஒரே கூடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். என் விஷயத்தில் எது முதலில் நுழைந்தது என்று இனி எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

17 மார்ச், மதியம்

இழையைத் தொடங்கிய தங்கச்சி இப்போது 32 வாரம். "வயிறு அடிக்கடி கல்லாகிறது, வலி இல்லை, மாமியார் சூட்டு வலி என்று வெந்தயம் ஊற வைத்திருக்கிறார்" என்று காலையில் எழுதியிருக்கிறார்.

மா, ஃபோனைக் கீழே வை. உள்ளங்கையைத் தொப்புளுக்கு மேலே தட்டையாக வை. மூக்கைத் தொட்டால் ஒரு மாதிரி இருக்கும், நெற்றியைத் தொட்டால் ஒரு மாதிரி இருக்குமில்லையா? வயிறு நெற்றி மாதிரி ஆகி, பிறகு இளகுவது ஒரு தடவை. கடிகாரத்தைப் பார்த்து எண்ணு. ஒழுங்கான இடைவெளியில் வந்து ஒரு மணி நேரத்தில் ஆறு தடவைக்கு மேல் என்றால் கிளம்பு. இடுப்பு பின்னால் கடுத்தாலும், கீழே அழுத்தினாலும், தண்ணீர் கசிந்தாலும், ரத்தம் பட்டாலும் எண்ணவே வேண்டாம், கிளம்பு. வெந்தயத்தை வந்து குடிக்கலாம்.

ரெட்டை வயிற்றில் இந்த இறுக்கம் அதிகமாகத்தான் வரும், பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போகும். ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. 34 வாரத்துக்குள் நிஜ வலி என்றால் பிள்ளைகளின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட நேரம் வேண்டும். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் டெக்ஸாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு. நான் சீரகத் தண்ணீர் குடித்த நாலு மணி நேரம் அங்கேதான் போயிற்று.

17 மார்ச், இரவு

போய்விட்டு வந்துவிட்டார். கர்ப்பப்பை வாயின் நீளம் 31 மில்லிமீட்டர், மூடியிருக்கிறது. 25க்குக் கீழே போனால்தான் கவலை. சிறுநீர்ப் பரிசோதனையும் சுத்தம், நான்தான் கேட்டு வாங்கச் சொன்னேன். மாமியாரும் கூடப் போயிருக்கிறார், டாக்டர் ஸ்கேனில் வாயைக் காட்டியதும் "கதவு கெட்டியா இருக்கு" என்றாராம்.

இழையில் இன்னொருவர் "அந்தப் புரொஜெஸ்டரோன் ஊசியை வாரா வாரம் போட்டால் காவல் பலப்படும்தானே?" என்கிறார். எலிக் கதையைப் படித்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ரெட்டைக்காரிகள் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் போட்டே பார்த்தார்கள், 2007ல் முடிவு வந்தது. பிரயோஜனம் இல்லை. ஒற்றைப் பிள்ளைக்காரிகளுக்கு அங்கே விற்ற அதே மருந்தையும் 2023ல் வாபஸ் வாங்கிவிட்டார்கள். காவல்காரனுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தாலும் தூங்குகிறவன் தூங்குவான்போல. அசையாமல் படுத்தே கிட என்பார்கள், அதனாலும் ரெட்டைப் பிரசவம் தள்ளிப்போவதாகத் தெரியவில்லை. கால் வலித்தால் படு, அவ்வளவுதான்.

30 மார்ச்

வார்டில் எனக்கு எப்போதும் உறுத்திய ஒன்று இந்த இழையால் மறுபடி கிளம்பிவிட்டது.

ரெட்டை என்று கேஸ் ஷீட்டில் பார்த்தால் நாங்கள் முதலில் செய்வது ரத்தம் ஏற்பாடு. ஏனென்றால் அதிகம் இழுபட்ட பை பிள்ளைகள் வந்தபிறகு சுருங்க மறுக்கும். வயிற்றில் கை வைத்தால் கிரிக்கெட் பந்து மாதிரி உருண்டு கிடைக்க வேண்டியது, கொழகொழவென்று பிசைந்த மாவு மாதிரி இருக்கும். நஞ்சு பிரிந்த இடத்து ரத்தக்குழாய்கள் எல்லாம் வாய் திறந்து கிடக்கும், பை இறுகினால்தான் மூடும். பிள்ளை வந்த உடனே தொடையில் ஆக்ஸிடோசின் 10 யூனிட், அப்புறம் கையால் தேய்ப்பது, அப்புறமும் கேட்காவிட்டால் அடுத்தடுத்த மருந்து. தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு விட்டுப்போன ராத்திரிகள் உண்டு.

எனக்குப் புரியாதது இதுதான். எந்த இழுப்பு "சீக்கிரம் சுருங்கு" என்று மாதம் முன்னாலேயே தூண்டுகிறதோ, அதே இழுப்பு சுருங்க வேண்டிய நேரத்தில் தசையை சோம்பேறியாக்குகிறது. இரண்டுக்கும் ஒரே காரணத்தைத்தான் பாடப் புத்தகம் எழுதியிருக்கிறது. பரீட்சையில் இரண்டு கேள்விக்கும் ஒரே வரியை எழுதி மார்க் வாங்கியவள் நான்.

31 மார்ச்

இயற்பியல் சார் பதில்: உள்பாவாடை நாடா. எலாஸ்டிக் ஓரளவு இழுத்தால் வெடுக்கென்று திரும்பும், ரொம்ப நாள் ரொம்ப இழுத்தால் தொளதொளத்துப்போகும். கிளம்புவதற்கு வேண்டிய இழுப்பு வேறு, இறுகி நிற்க வேண்டிய பலம் வேறு. தசை நார் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற அளவு தாண்டினால் பிடி குறையும் என்றும் படம் வரைந்து போட்டிருக்கிறார்.

பலூனைவிட நாடா நூறு மடங்கு தேவலை சார். முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, தசை வளர்ந்ததை மறுபடியும் மறந்துவிட்டீர்கள். ஆனால் நாடாவை எடுத்துக்கொள்கிறேன்.

2 ஏப்ரல்

ஒருவர்: "தண்ணீர் ஜாஸ்தி என்றால் ஊசி வைத்து எடுத்துவிட வேண்டியதுதானே, இழுப்பு குறையும்." எடுப்பதுண்டு, மூச்சு முட்டுகிற அளவுக்குப் போனால். ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல. மெல்ல ஏன் என்றால், ஒரே மடக்கில் வடிந்தால் பை திடீரென்று சுருங்கி நஞ்சு பிய்ந்துகொள்ளலாம். தண்ணீர் மிகுந்தவருக்குப் பனிக்குடம் தானாக உடையும்போதும் எங்கள் பயம் அதுவும், தொப்புள்கொடி முன்னால் நழுவுவதும்தான். எடுத்த தண்ணீர் மறுபடி ஊறவும் செய்யும்.

23 ஏப்ரல்

தங்கச்சியின் வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். இன்று காலை, 37 வாரம் 2 நாள். பையன் 2.6, பெண் 2.4. இரண்டும் அழுதன, இரண்டும் அம்மா பக்கத்திலேயே.

வலி வரவே இல்லை. முதல் பிள்ளை குண்டி கீழாக இருந்ததால் தேதி குறித்து சிசேரியன். ஐந்து கிலோ பிள்ளை, இரண்டு குடம் தண்ணீர், 44 சென்டிமீட்டர் வயிறு, எட்டும் தாங்கி ஒன்பதும் தாங்கியது. இந்த ஒரு வயிறை வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன், மார்ச் 9ந்தேதி பட்ட அடி போதும்.

24 ஏப்ரல்

இப்போது அவரே படுக்கையிலிருந்து எழுதினார். நேற்றைய செய்தியில் வீட்டுக்காரர் விட்டுவிட்டது: பிள்ளைகளை எடுத்தபிறகு பை இறுகவில்லையாம். "டாக்டர் பிசைந்துகொண்டே இருந்தார் அக்கா, ட்ரிப்ஸ் மாற்றினார்கள், தொடையில் இன்னொரு ஊசி போட்டார்கள், கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்து, கெட்டியாயிடுச்சு என்றார்." தயாராக வைத்திருந்த ரத்தம் ஒரு யூனிட் ஏறியிருக்கிறது.

மாமியார் வெளியே உட்கார்ந்து எல்லாரிடமும் "வயிறு தாங்கிடுச்சு பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்த நர்ஸ் இப்போதும் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறாரா என்று மட்டும் கேட்டேன். "ஆமாம் அக்கா, தூங்க விடமாட்டேன் என்கிறார்" என்றார்.